பதினெட்டு மாத ஊழியமும் வீடு திரும்பிய வழியும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து நானும் என் மனைவியும் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் ஒடிசாவின் ராயகடா மாவட்டத்திலுள்ள சிறியதொரு மிஷன் மருத்துவமனைக்கு ஊழியத்திற்காகப் புறப்பட்டோம். 2025ஆம் ஆண்டு ஜனவரியில், பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது வீடு திரும்பினோம். எப்படிப் போனீர்கள், யாரைப் பார்க்க வேண்டும், என்னென்ன தாள் கேட்பார்கள் என்று விசாரிப்பவர்கள் உண்டு. எப்படித் திரும்பி வந்தீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எங்களை அதிகம் சோதித்தது திரும்பி வந்ததுதான் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் மனைவி அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவன். மிஷன் ஞாயிறு ஒன்றில், வடக்கேயுள்ள மருத்துவமனைகளில் செவிலியர் பற்றாக்குறை இருப்பதாக ஆயர் பேசியபோது, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் என் மனைவி முடிவெடுத்துவிட்டார். 1903ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பிய காலத்திலிருந்தே தமிழ்ச் சபைகளுக்கு இது பழகிய காரியம்தான். ஆனால் அந்தப் பழக்கம் முழுவதும் இளைஞர்களை மனத்தில் வைத்தே உருவாகியிருக்கிறது. எங்களுக்குத் தரப்பட்ட விண்ணப்பப் படிவத்தில், பிள்ளைகளை எந்த வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று ஒரு கேள்வியும், மணமாகாதவர் எனில் திருமணம் குறித்த எண்ணம் என்ன என்று ஒரு கேள்வியும் இருந்தன. பேரப்பிள்ளைகளைப் பற்றியோ, இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றியோ, ஓய்வூதியத்தைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. என் பணி என்ன என்ற இடத்தில் "செவிலியரின் கணவர்" என்று எழுதினேன். விளையாட்டாகத்தான் எழுதினேன், போன பிறகு அதுதான் உண்மையாக இருந்தது.

காகிதங்களில் மிக நீண்ட காலம் எடுத்தது என் மனைவியின் செவிலியர் பதிவு. தமிழ்நாட்டில் பதிவு பெற்றவர் வேறு மாநிலத்தில் பணிசெய்ய வேண்டுமானால் இங்கே பதிவைப் புதுப்பித்து, தடையின்மைச் சான்று வாங்கி, அங்குள்ள செவிலியர் மன்றத்தில் பதிய வேண்டும். ஓய்வுக்குப் பிறகு இனி எதற்கு என்று அவர் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். ஊழியம் செய்ய எண்ணமுள்ள செவிலியர்கள் ஓய்வுபெறும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

மருத்துவத் தகுதிச் சான்று, ஆயரின் பரிந்துரை ஆகியவை ஒரு வாரத்தில் முடிந்தன. முடியாமல் இருந்தது பிள்ளைகளின் சம்மதம். எல்லாம் கூடி வந்த நேரத்தில், ஜூன் 2ஆம் தேதி பாலசோர் மாவட்டத்தில் கோரமண்டல் விரைவு வண்டி விபத்துக்குள்ளாகி இருநூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாலசோர் ஒடிசாவின் வடகோடியில் இருக்கிறது, நாங்கள் போகும் தடம் அந்தப் பக்கமே போகாது என்று வரைபடத்தை விரித்துக் காட்டியும் மகள் சமாதானமாகவில்லை. "ஒடிசான்னாலே வேண்டாம்ப்பா" என்பது மட்டுமே அவளுடைய வாதம். கடைசியில் அவளே ஊறுகாய் போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

ஓய்வூதியதாரர்கள் கவனிக்க வேண்டியது ஆண்டுக்கொருமுறை அளிக்கும் உயிர்வாழ் சான்று. ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறையில் நாட்டின் எந்த இடத்திலிருந்தும் அதை அளிக்கலாம். தபால்காரர் வீட்டுக்கே கைரேகைக் கருவியோடு வந்து, 70 ரூபாய்க்கு முடித்துக் கொடுக்கிறார். முப்பது ஆண்டு சுண்ணக்கட்டி பிடித்த என் கட்டைவிரலைக் கருவி ஏற்கவில்லை. மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, இடது கை மோதிரவிரலில்தான் நான் உயிரோடிருப்பது உறுதியாயிற்று.

ராயகடா மாவட்டத்தில் மிஷன் மருத்துவம் என்றால் பிஸ்ஸம்கட்டக் என்ற ஊரைத்தான் சொல்வார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த எலிசபெத் மாட்சன் என்ற மருத்துவர் 1954ஆம் ஆண்டு அங்கே மருத்துவமனையைத் தொடங்கினார். நாங்கள் இருந்தது அதைவிடப் பல மடங்கு சிறியது. சுற்றிலும் மலை, மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கொந்த் பழங்குடியினர், வருவது பெரும்பாலும் காய்ச்சலோடு. என் மனைவிக்கு முதல் நாளே வார்டில் வேலை இருந்தது. எனக்கு என்ன கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். பிறகு ஒடியா எழுத்துக்களைக் கற்றுக்கொண்டால் பதிவேடு எழுதலாம் என்றார்கள். நான்கு மாதத்தில் கற்றேன். பெயர், வயது, ஊர், காய்ச்சல் தொடங்கிய நாள், இரத்தப் பரிசோதனையின் முடிவு என்று கோடு போட்ட பெரிய நோட்டில் நாள் முழுவதும் எழுதுவதே என் ஊழியமாயிற்று. ஆண்டு முழுவதும் இலக்கணம் நடத்தியவன், மலேரியாக் கிருமி வகைகளில் வைவாக்ஸ் எது, ஃபால்சிபாரம் எது என்று சிவப்பு மையால் வட்டமிடக் கற்றுக்கொண்டேன்.

மொழி நாங்கள் அஞ்சிய அளவுக்கு அந்நியமாக இல்லை. அந்த மலையில் பேசப்படும் குவி, திராவிட மொழிகளில் ஒன்று. கண்ணைக் ‘கன்னு’ என்பார்கள், வீடு ‘இல்லு’, மரம் ‘ம்ரானு’. பாதித் தெலுங்கு பேசும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ‘இல்லு’வைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் மழைக்காலத்தில், பேரனைக் காட்ட வந்திருந்த ஒரு பாட்டி, இலையைத் தொன்னையாக மடித்து, தான் கொண்டுவந்திருந்த சுரைக்குடுவையிலிருந்து ஏதோ ஊற்றி என் மனைவியிடம் நீட்டினார். ஒரு வாய் குடித்துவிட்டு என் மனைவி என் பக்கம் திரும்பி, "என்னங்க, நம்ம ஊருக் கூழுதாங்க இது, உப்புதான் கம்மி" என்றார். அவர்கள் மண்டியா என்பது நம் கேழ்வரகேதான். அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் ஆயி, நான் அஜா. ஒடியாவில் பாட்டி, தாத்தா என்று பொருள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பணியில் சேரும் நாளிலேயே, மருத்துவப் பணி தவிர நோயாளிகளிடம் சமயம் குறித்து எதுவும் பேசுவதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டோம். ஒடிசாவில் 1967ஆம் ஆண்டிலிருந்தே மதமாற்றம் குறித்த சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், காய்ச்சலில் கிடப்பவரிடம் வேறு பேச்சு எதற்கு என்பது என் மனைவியின் கட்சி. எங்கள் ஜெபம் காலை ஆறு மணிக்குச் சிற்றாலயத்தில், பணியாளர்களோடு முடிந்துவிடும்.

திரும்பும் தேதி முடிவானதும்தான் சிக்கல்கள் தொடங்கின. போகும்போது ஆராதனை வைத்து, தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, ஜோலார்பேட்டை வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். வருவதற்கு ஒரு கடிதமோ படிவமோ கிடையாது. நாங்களே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்திருந்தார்கள். பொங்கல் நெரிசல் வேறு. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது திரும்ப வரவில்லை; கீழ்ப்படுக்கைக்கான ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. சீட்டு எடுக்கும்போதே வயதைக் கொடுத்து அந்த ஒதுக்கீட்டில் கேட்டுவிடுங்கள். பிறகு வண்டியில் ஏறி யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது. மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு 40 கிலோ சாமான்தான் இலவசம் என்பதால், கொண்டுபோன பாத்திரங்களை வார்டுப் பெண்களுக்கே கொடுத்துவிட்டு வந்தோம். ஒரு குடுவை மட்டும் வந்தது. அது யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

தன்பாத்–ஆலப்புழை விரைவு வண்டியில் ராயகடாவில் ஏறினோம். பணியாளர் பாதிப்பேர் நிலையத்துக்கு வந்திருந்தார்கள். என் மனைவி அழவில்லை. விஜயநகரம் தாண்டி விசாகப்பட்டினத்துக்குள் நுழைந்த வண்டி, அங்கே இஞ்சினை மறுமுனையில் மாட்டிக்கொண்டு வந்த வழியே புறப்பட்டது. அப்போது அது தினசரி நடந்ததுதான். ஆனால் கண்ணயர்ந்திருந்த என் மனைவி விழித்துப் பார்த்து, சன்னலுக்கு வெளியே எல்லாம் எதிர்ப்பக்கமாகப் போவதைக் கண்டு, "திரும்பிப் போகுதா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்தது பயமா ஆசையா என்று நான் கேட்கவில்லை. இஞ்சின் மாற்றியதைச் சொன்னேன். அப்புறம்தான் அழுதார். ஜோலார்பேட்டையில் மருமகன் காரோடு நின்றார். நாட்றம்பள்ளி, பர்கூர் வழியாக வந்தபோது சாலையோரத் தோப்புகளில் மாமரங்கள் பூக்கத் தொடங்கியிருந்தன.

வீட்டைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் இறுகிக் கிடந்தது, அலமாரியில் கரையான், எரிவாயு இணைப்பை மீண்டும் செயல்பட வைக்க இரண்டு நடை. பூட்டிவிட்டுப் போகிறவர்கள் மாதம் ஒருமுறை மோட்டாரை ஓட்டிவிட ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போகலாம்.

முதல் ஞாயிறு ஆலயத்தில் சாட்சி சொல்ல ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நான் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், ஆசிரியன் புத்தி. அறிவிப்புகளுக்கும் காணிக்கைக்கும் இடையில் இரண்டாம் பக்கத்தோடு நின்றேன். வெளியே வந்ததும் கைகுலுக்கியவர்களில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க?" என்னிடம் இருந்த கணக்கு வேறு. எத்தனை பேருக்குக் காய்ச்சல், அதில் எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள் என்பதை நோட்டுவாரியாகச் சொல்லியிருப்பேன். அதை ஒருவரும் கேட்கவில்லை. என் மனைவி நேராக வீட்டுக்கு நடந்துவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறு மூட்டுவலி என்று சொல்லி வீட்டிலிருந்தார். மூட்டுவலியும் இருந்தது.

மார்ச் மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் குளிர் நடுக்கம், மறுநாள் ஒன்றுமில்லை, அதற்கடுத்த நாள் மீண்டும் நடுக்கம். பார்த்த மருத்துவர் பருவக் காய்ச்சல் என்று மூன்று நாளைக்கு மாத்திரை எழுதினார். ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. என் மனைவி அந்தச் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, என்னை நேராகப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப்போய், மலேரியாவுக்கு இரத்தம் எடுக்கச் சொன்னார். வைவாக்ஸ். இந்தக் கிருமி கல்லீரலுக்குள் ஒடுங்கியிருந்து, மாதங்கள் கழித்தும் எழுந்து வரும். பரவல் உள்ள இடத்திலிருந்து திரும்புகிறவர்கள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும். குளோரோகுயின் மூன்று நாள்; ஒடுங்கியிருப்பதை அழிக்கப் பிரைமாகுயின் பதினான்கு நாள், அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இல்லை என்று ஒரு சோதனை. மூன்றாம் நாளே உடம்பு சரியாகிவிட்டதால் பலர் பதினான்கு நாளை முடிப்பதில்லை. முடிக்காதவர்களின் பெயர்களை இரண்டாம் முறையாக எழுதியவன் நான்.

பதினான்காவது மாத்திரை அன்று மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. என் மனைவி செய்தி அனுப்பியிருக்கிறார். அங்கிருந்து போனவருக்கு வந்த காய்ச்சல் என்பதால் அங்கேயும் குறித்துவைக்க வேண்டுமாம். என் இடத்தில் இப்போது பதிவேடு எழுதுகிற பையன்தான் பேசினான். பெயரும் வயதும் எழுதிவிட்டான். சிவப்பு வட்டமும் போட்டுவிட்டான். "அஜா, ஊர் என்ற இடத்தில் என்ன எழுத?" என்றான். கிருஷ்ணகிரி என்றேன். கேட்காத பெயர், எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள் என்றான். சொன்னேன்.