வடிகாலில் எஞ்சின் வைக்கும் முன்

காவிரிப் பாசனத்தின் கடைசிப் பகுதியான நாகப்பட்டினம் கடைமடையில் ஜனவரிக் கடைசி பதற்றமான காலம். வழக்கப்படி 28-ஆம் தேதி மேட்டூர் அணையை மூடுவார்கள். பிந்தி விதைத்த சம்பா அப்போதுதான் பூத்துப் பால் பிடித்துக்கொண்டிருக்கும். வாய்க்காலில் தண்ணீர் இறங்க இறங்க, எல்லோருடைய பார்வையும் வடிகால் பக்கம் திரும்பும். அடப்பாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி எல்லாம் கீழ்ப்பகுதியில் இரண்டு வேலையும் பார்ப்பவை: பாசனத்துக்கும் பாயும், மேல் வயல்களின் கழிவு நீரையும் கடலுக்குக் கொண்டுபோகும். கரையில் டீசல் எஞ்சினை இறக்கிக் குழாயைப் போட்டுவிட்டால் பயிர் பிழைத்தது என்றுதான் தோன்றும்.

அந்தத் தண்ணீர் என்ன கொண்டுவருகிறது என்பதைக் கிலோவில் பார்த்தால்தான் உறைக்கும். தண்ணீரின் உப்பைக் காட்டும் அளவு ஈ.சி., அதாவது மின்கடத்துத் திறன். ஈ.சி. 1 (டெசிசீமன்ஸ்/மீட்டர்) என்றால் ஒரு லிட்டரில் சுமார் 640 மில்லிகிராம் உப்பு. ஈ.சி. 3 உள்ள வடிகால் நீரை ஒரு ஏக்கரில் 5 செ.மீ. கட்டினால் 200 கனமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதில் கரைந்திருக்கும் உப்பு சுமார் 390 கிலோ, ஏறக்குறைய எட்டு மூட்டை. தண்ணீரைப் பயிர் குடிக்கும், வெயில் குடிக்கும். எட்டு மூட்டையும் வயலில்தான் கிடக்கும். டெல்டாவின் கனத்த களிமண்ணில் அது கீழே இறங்கவும் வழி குறைவு.

இந்த வேலையில் முதலில் விடவேண்டியது நாக்கால் பார்க்கும் பழக்கத்தை. "கரிக்கவில்லை, ஓட்டலாம்" என்பார்கள். 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கு சொல்லாது, நெல் சொல்லிவிடும். மண்ணின் ஈ.சி. 3 வரை நெல் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் சுமார் 12 சதவீதம் போகும். ஓரளவு வடியும் மண்ணிலேயே பாய்ச்சும் நீரின் ஈ.சி.யைப் போல ஒன்றரை மடங்கு மண்ணில் ஏறும். ஆகவே நெல்லுக்குத் தண்ணீரின் எல்லை 2. வடியாத வயலுக்கு அதுவும் அதிகம்.

ஈ.சி. பார்க்கப் பேனா மாதிரியான மலிவு மீட்டரே போதும், ஆனால் இரண்டு இடத்தில் ஏமாற்றும். பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) கணக்கில் காட்டும் மீட்டர்களில் சில ஈ.சி.யை 500-ஆல் பெருக்கும், சில 640 அல்லது 700-ஆல். ஒரே தண்ணீருக்கு மூன்று எண் வரும். அதனால் ஈ.சி. எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை 1413 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. (அதாவது ஈ.சி. 1.41) திட்டக் கரைசலில் சரிபாருங்கள்.

மற்றது, தண்ணீர் எடுக்கும் ஆழம். கடைமடை ரெகுலேட்டரில் (கடல்நீரைத் தடுக்கும் மதகில்) ஷட்டரின் ரப்பர் தேய்ந்திருந்தால் ஓத நேரத்தில், அதாவது கடல் ஏறும்போது, கடல்நீர் உள்ளே கசியும். அது கனமானது, அடியில் படுத்துக்கொள்ளும். கரையோரம் கையால் மொண்டு பார்த்தால் நல்ல தண்ணீர். குழாயின் உறிஞ்சும் முனையில் உள்ள ஃபுட் வால்வு கிடப்பதோ அடியில், உப்பு நீருக்குள். ஒரு பாட்டிலில் கல் கட்டி, மூடியில் தனிக் கயிறு கட்டி, வால்வு இருக்கும் ஆழத்துக்கு இறக்கி, அங்கே மூடியை இழுத்து நிரப்பிப் பாருங்கள். மேலே ஒரு எண், கீழே அதைப்போல இரண்டு மூன்று மடங்கு என்று வந்தால் வால்வைத் தூக்கவேண்டும். காலி பிளாஸ்டிக் டிரம்மில் கட்டி, நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே நிற்கும்படி மிதக்கவிட்டால் போதும். அதற்கும் மேலே வந்தால் சுழி விழுந்து காற்றை இழுக்கும், பம்பு தண்ணீர் எடுக்காது. எஞ்சினையும் முழு வேகத்தில் ஓட்டக் கூடாது. இழுப்பு அதிகமானால் அடி உப்பும் சேர்ந்து எழும்பும். ஷட்டர் கசியும் இடங்களில் வற்றம் (கடல் இறங்குவது) முடிகிற நேரம்தான் நல்லது. அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும். அந்த நாட்களில் எஞ்சினை இறக்காமல் இருப்பதே மேல்.

வாய்க்கால் நீரோடு கலந்து பாய்ச்சலாமா என்று கேட்பார்கள். எகிப்தில் நைல் நீரோடு வடிகால் நீரைக் கலந்து எல்-சலாம் கால்வாயில் விடுகிறார்கள். கணக்கும் எளிது: 0.5 உள்ளதும் 3.5 உள்ளதும் சமபங்கு கலந்தால் 2. ஆனால் நாற்றுக்கும் உதவக்கூடிய 0.5 தண்ணீரை நாமே கெடுத்துவிடுகிறோம். எங்கள் கருத்தில், பருவம் பார்த்து மாற்றி மாற்றி விடுவதே சரி. முளைத்தது முதல் நான்கு வாரமும், கதிர் உருவாவதிலிருந்து பூத்து முடியும் வரையும் நல்ல தண்ணீர் மட்டும். இடையில் தூர் கட்டும்போது வடிகால் நீர். பூக்கும்போது உப்பு ஏறினால் பயிர் பச்சையாகத்தான் நிற்கும், அறுக்கும்போது பதர்தான் கையில் வரும்.

வடிகால் நீர் கட்டிய வயலில் வற்ற வற்ற மேலே நிரப்புவது பெரிய தவறு. 5 செ.மீ. நீர் ஆவியாகிப் பாதியானால் அதன் ஈ.சி. ஏறக்குறைய இரட்டிப்பாகும். பழையதை வடித்துவிட்டுத்தான் புதியதை ஏற்றவேண்டும். வடித்தது அதே வடிகாலில் சேர்ந்து கீழே இருப்பவர் எஞ்சினுக்குப் போகும் என்பது வேதனையான விஷயம். கடைசி எஞ்சின்காரர் எல்லோருடைய உப்பையும் வாங்குகிறார். ஆகவே மேலே வடிப்பவர் கீழே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வடிப்பது அவசியம்.

கணக்கில் வராத நஷ்டம் உளுந்தில் இருக்கிறது. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு ஈரத்தில் தெளிக்கும் உளுந்தும் பயறும் நெல் தாங்கும் உப்பைத் தாங்காது. கடைசியாகக் கட்டிய வடிகால் நீரின் உப்பு, வயல் காயக் காய மேல்மண்ணுக்கு ஏறி இளம் வேர் இருக்கும் இடத்தில் நிற்கும். இலை ஓரம் கருகும்; வைரஸ் என்று மருந்து அடிப்பார்கள். அதனால் உளுந்து தெளிக்கப்போகிற வயலில் கடைசி இரண்டு தண்ணீர் வடிகாலிலிருந்து வேண்டாம்.

சேர்ந்த உப்பை வெளியே அனுப்ப ஐப்பசி மழையைத் தவிர மலிவான வழி கிடையாது. வரப்பை உயர்த்தி, 10 செ.மீ. மழைநீரைத் தேக்கி, சேறு கலக்கி, இரண்டு நாள் கழித்து வடிக்கவேண்டும். இப்படி மூன்று தடவை. மழைக்குப் பிறகு வயல் நீர் தெளியாமல் நாள்கணக்கில் கலங்கியே நின்றால் சோடியம் மண்ணைப் பிடித்துவிட்டது என்று பொருள். அங்கே மண் பரிசோதனை சொல்லும் அளவு ஜிப்சம் போட்ட பிறகுதான் இதைச் செய்யவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கீழே இறங்காது. மடையை வற்ற நேரத்தில் திறங்கள். ஓதத்தில் திறந்தால் கீழே ஷட்டர் மூடியிருக்கும், வடித்த உப்பு வடிகாலிலேயே தேங்கி நிற்கும்.