தம்பியை வீட்டில் விட்டுவிட்டு வா

“நாளைக்குத் தம்பியை வீட்டில் விட்டுவிட்டு வா, கண்ணு” என்று நான் சொன்னபோது அந்தச் சிறுமி எதிர்த்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. “சரிக்கா” என்றாள். பிறகு குனிந்து, தம்பி இறுகப் பிடித்திருந்த பச்சை கிரேயானை அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, ஒட்டியிருந்த எச்சிலைப் பாவாடையில் துடைத்து, பெட்டியில் அதற்குரிய இடத்திலேயே வைத்தாள். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இது 2024 மே மாதம், சென்னையின் தெற்கே பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் நாங்கள் நடத்திய இலவசக் கோடை முகாமின் மூன்றாம் நாள் நடந்தது.

நான் சொன்னதில் தவறில்லை என்றுதான் அன்று நினைத்தேன். பாதி மனம் இன்றும் அப்படித்தான் சொல்கிறது. எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரை என்று விண்ணப்பத்திலேயே அச்சிட்டிருந்தோம். நாற்பது பிள்ளைகளுக்கு நாங்கள் இரண்டே பேர். கத்தரிக்கோலும் பசையும் பாசிமணியும் தரையில்தான் பரப்பிக் கிடக்கும். முதல் நாள் அந்தச் சிறுவன் வாயில் போட்டுக்கொண்ட மணியை நானே விரலை விட்டு எடுத்தேன். இரண்டாம் நாள் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து வெளியே போனவன், தண்ணீர் லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்த பாதையில் நின்றிருந்தான். லாரிக்காரர் பார்த்துவிட்டதால் பிழைத்தான். அந்தக் காட்சி கண்ணில் இருக்கும்போது வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

ஆனால், ‘வீட்டில் விட்டுவிட்டு’ என்ற சொல்லை யோசிக்கும்போதெல்லாம் உள்ளே குத்துகிறது. வீட்டில் யாரிடம் விட்டுவிட்டு? அவளுடைய அம்மா மயிலாப்பூர்ப் பக்கம் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். கூவம், அடையாறு கரைகளிலிருந்து இங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் பல பெண்கள் அப்படித்தான். வீடு மாறியது, வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது. 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லாததால் காசு மிச்சமாகிறது. விடியும் முன் கிளம்பிப் பிற்பகலில் திரும்பும் நேரம் மிச்சமாவதில்லை. மே மாதத்தில் அங்கன்வாடிக்கும் பதினைந்து நாள் விடுமுறை. ஆக, பகலில் அந்த வீட்டில் இருக்கும் பெரியவள் அந்தப் பத்து வயதுச் சிறுமிதான். தம்பியை அவளிடமே விட்டுவிட்டு வரும்படி அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

இவை எதுவும் எனக்குப் பிறகு தெரியவந்த செய்திகள் இல்லை. அந்தக் கணத்தில் தெரிந்தே இருந்தன. தெரிந்திருந்தும், விதியைச் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது.

வாரக் கடைசியில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது, நின்றுபோனவர்களில் பெரும்பாலோர் பத்து, பதினோரு வயதுப் பெண்பிள்ளைகளாக இருந்தார்கள். இடுப்பில் குழந்தையுடன் ஒரு பையன்கூட எங்கள் முகாமுக்கு வந்ததில்லை. எங்கள் விதி வயதை மட்டும்தான் பேசியது. அதனால் வெளியே போனவர்கள் யார் என்று பார்த்தால் அக்காக்கள். முகாமில் மதியச் சோறும் முட்டையும் கொடுத்தோம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி நாட்களில் காலை உணவும் சத்துணவும் கிடைத்துவிடும்; பள்ளியை மூடினால் இரண்டும் கிடையாது. நான் அவளை அனுப்பியது ஓவிய வகுப்பிலிருந்து மட்டுமா என்று கேட்டுக்கொண்டால், பதில் சொல்ல நா எழுவதில்லை.

ஒருமுறை அவளைப் பார்க்கவும் செய்தேன். குடத்தோடு தண்ணீர் வரிசையில் நின்றாள். தம்பி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தான். “கேம்ப் முடிஞ்சிடுச்சாக்கா?” என்று கேட்டாள். “இன்னும் நாலு நாள் இருக்கு” என்றேன். “வா, தம்பியையும் கூட்டிக்கொண்டு வா” என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளைச் சேர்த்தால், ஏற்கெனவே திருப்பி அனுப்பிய மற்றச் சிறுமிகளுக்கு என்ன பதில் சொல்வது என்ற கணக்கு மனதில் ஓடியது. அது நியாயமான கணக்குதான். ஆனாலும், முதலில் சொன்னதைவிட அன்று சொல்லாமல் விட்டதுதான் என்னை அதிகம் வாட்டுகிறது.

அடுத்த ஆண்டு கூடத்தின் ஒரு மூலையில் பாய் விரித்து, சிறு குழந்தைகளும் வரலாம் என்று அறிவித்தோம். பார்த்துக்கொள்ள அங்குள்ள அம்மா ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினோம். அதைச் செய்ததில் எனக்கு நிறைவுதான். ஆனால் குழந்தைகள் அவரிடம் இருக்கவில்லை. அழுதுகொண்டு அக்காவைத் தேடின. முதல் வாரம் முழுக்க அக்காக்களும் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தார்கள். முகாமுக்குள் வந்துவிட்டார்கள், முகாம் அவர்களுக்குக் கிடைத்ததா என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் இருந்ததற்கு இது மேல் என்கிறார் என்னுடன் பணிபுரிபவர். இருக்கலாம். சோறாவது கிடைத்தது.

அந்தச் சிறுமி அந்த ஆண்டும் வரவில்லை. வீடு தெரியும், ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை என்பதைக் காரணமாக வைத்துக்கொண்டு, போய்க் கேட்கவில்லை.

இந்த ஆண்டு விண்ணப்பத்தில் ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சேர்த்தேன்: ‘பகலில் வீட்டில் சிறு குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ பல விண்ணப்பங்களில், முகாமில் சேர வேண்டிய பிள்ளையின் பெயரே அங்கும் எழுதப்பட்டிருந்தது, பெரும்பாலும் பிள்ளையின் கையெழுத்திலேயே. அவற்றை மட்டும் தனியாக எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். முகாம் தொடங்க ஒன்பது நாள் இருக்கிறது.