கூடத்துக்குள் பொறிவண்டு: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் வேலை ஓய்ந்த பிறகு கூடத்துச் செடிகளை இன்றுதான் நிதானமாகப் பார்க்க முடிந்தது. கோலியஸ் தொட்டி இரண்டிலும் மாவுப்பூச்சி. ஹோயாவில் இலையும் தண்டும் சேரும் இடுக்கெல்லாம் வெள்ளைப் பஞ்சு. குரோட்டனின் அடி இலைகள் பிசுபிசுக்கின்றன. அந்தப் பிசுக்கின்மேல் கரும்பூசணம் படர ஆரம்பித்திருக்கிறது. கேரள எல்லையோரத்து எங்கள் ஊரில் மார்கழியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கேயிருந்து ஓயாமல் அடிப்பதால் ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கிறோம். மழை வந்து செடியைக் கழுவப் போவதில்லை, வெளியே இருக்கும் பூச்சிதின்னிகள் உள்ளே வரவும் வழியில்லை. மாவுப்பூச்சிக்கு இதைவிட வசதியான இடம் எங்கே கிடைக்கும்?

எதிர்வீட்டுச் சேச்சி வந்து பார்த்துவிட்டு, "உரக்கடையில ஒரு மருந்து தருவாங்க. ரெண்டு தடவை அடிச்சா தீர்ந்துடும்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் காரணம், நாத்தனாரின் குழந்தை தவழ்கிற கூடம் இது. அடுத்தது, இந்தப் பூச்சியின் உடம்பே மெழுகு. பெண் பூச்சி ஒன்று பஞ்சுப் பைக்குள் சில நூறு முட்டைகள் வைக்கும். தெளிக்கிற மருந்து மெழுகில் உருண்டு வழிந்துவிடும். பிறகு பையிலிருந்து குஞ்சுகள் கிளம்பும்போது, அவற்றைத் தின்ன வேண்டிய பூச்சிகள்தான் செத்துக் கிடக்கும். தோட்டத்தில் இதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. வீட்டுக்குள் மட்டும் வேறு கதையாகவா இருக்கும்?

ஜனவரி 20, திங்கள்

மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டைக் கொண்டுவந்து விடுவது என்று முடிவு. அதற்கு முன்னால் எறும்பு போக வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கிற தேன்துளிக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கின்றன. பொறிவண்டு கிட்டே வந்தால் கடித்து விரட்டும், அது வைத்த முட்டையையும் இழுத்துக்கொண்டு போகும். காவல் இருக்கிறவரை எந்த வண்டை விட்டும் பலனில்லை.

எறும்புச் சாக்பீஸை நான் கையால் தொடவில்லை. அதுவும் பூச்சிக்கொல்லிதான், வண்டின் காலில் பட்டால் வண்டும் போய்விடும். அத்தைதான் வழி சொன்னார். "அந்தக் காலத்துல பலகார அலமாரிக் காலுக்குக் கிண்ணத்துல தண்ணி வெப்போமே சாமி, அதையே வெய்யி." செடி ஸ்டாண்டின் நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாயிற்று. சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த குரோட்டன் கிளையையும் வெட்டினேன். ஒரு இலை நுனி சுவரில் பட்டால்கூட எறும்புக்கு அது பாலம்.

பூச்சி அதிகமாக ஏறிய தண்டுகளை வெட்டி, மற்ற இடங்களை ஈரத்துணியால் துடைத்தேன். ஒரு கோலியஸை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன். என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டு இதை மட்டும் எதுக்கு விடறே?" என்றார். வருகிற வண்டு எதைத் தின்னும்? எங்கே முட்டை வைக்கும்? கிரிப்டோலேமஸ் பொறிவண்டு மாவுப்பூச்சியின் பஞ்சுப் பைக்குள்தான் முட்டை வைக்கிறது. பஞ்சு இல்லாத வீட்டில் அது தங்காது.

ஜனவரி 24, வெள்ளி

வேலந்தாவளம் வழியாகக் கோவை போய் வந்தேன். வண்டுகள் கிடைத்துவிட்டன. மூடியில் வலை கட்டிய சின்ன டப்பா, உள்ளே காகிதத் துண்டுகள், அவற்றின் மடிப்புகளில் வண்டுகள். ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். முதுகு கறுப்பு, தலையும் பின்நுனியும் செங்காவி. சாதாரணமாக நாம் பார்க்கும் பொறிவண்டின் புள்ளி எதுவும் இதற்கு இல்லை.

இவற்றை அரசாணிக்காயில், அதாவது பரங்கிக்காயில், வளர்க்கிறார்கள். நல்ல வரி விழுந்த, காம்போடு கூடிய காயாகப் பார்த்துக் கழுவி, அடிபட்ட இடத்தை மெழுகால் அடைத்து, அதன்மேல் மாவுப்பூச்சியை ஏற்றுகிறார்கள். பள்ளமான வரிகளில் பூச்சி பெருகிக் காய் முழுக்க வெள்ளையானதும் கூண்டுக்குள் வைத்து வண்டுகளை விடுவார்கள். அரசாணிக்காய் மாதக்கணக்கில் அழுகாது என்பதுதான் இதில் சூட்சுமம். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம்; காயும் கூண்டும் பொறுமையும் போதும்.

இந்த வண்டு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. 1888இல் ஆல்பர்ட் கோபெலே என்பவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் வேறொரு பொறிவண்டைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த பஞ்சுச் செதில் பூச்சியை அது கட்டுக்குள் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் கிரிப்டோலேமஸும் அவர் மூலமாகவே கலிபோர்னியா சேர்ந்தது. இந்தியாவுக்கு அது வந்தது 1898இல், காபிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்காக. காபியில் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஆனால் மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டு இந்த மண்ணிலேயே நிலைத்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் இங்கே வாழ்கிறது, இனி இதை வெளியூர் வண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொழுது சாய்ந்த பிறகுதான் விட்டேன். பகலில் விட்டால் நேரே ஜன்னல் வெளிச்சத்துக்குப் பறந்து கண்ணாடியில் முட்டிக்கொண்டே கிடக்கும். முதலில் இலைகளில் தண்ணீர் தெளித்து, கூடத்து விளக்கை அணைத்து, டப்பாவைக் கோலியஸின் அடியில் திறந்துவைத்து, ஸ்டாண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டிவிட்டேன். வீட்டுக்குள் செய்கிறவர்கள் பலர் இந்த வலையை விட்டுவிடுகிறார்கள். வண்டு பறந்துபோன பிறகு "பலனில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பிப்ரவரி 1, சனி

வண்டுகள் இணைகின்றன. பஞ்சுக்குள் தலையை நுழைத்து அசையாமல் நிற்கிறவை முட்டை வைக்கின்றன என்று நினைக்கிறேன். மாவுப்பூச்சி குறைந்த மாதிரி தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் அத்தை பதற்றமாகக் கூப்பிட்டார். "அம்மிணி, வண்டு விட்டயே, பூச்சி இன்னும் பெருசா ஆயிடுச்சு பாரு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். சந்தோஷத்தில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது வண்டின் புழு! கிரிப்டோலேமஸ் புழுவும் உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு போர்த்துக்கொண்டு அச்சாக மாவுப்பூச்சி போலவே இருக்கும். தெரியாமல் இதை நசுக்கிவிடுகிறவர்கள் எத்தனை பேரோ.

பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தேன். மாவுப்பூச்சியின் ஓரத்தில் இருப்பவை குட்டையான, ஒழுங்கான மெழுகு இழைகள். புழுவின் மேல் இருப்பவை நீண்டு, வளைந்து, திரித்த விளக்குத்திரிகள் மாதிரி தாறுமாறாகத் தொங்குகின்றன. வளர்ந்த புழு 13 மில்லிமீட்டர் வரை வரும், மாவுப்பூச்சி அந்த அளவு வளராது. சந்தேகமாக இருந்தால் குச்சியால் மெல்லத் தொட வேண்டும். மாவுப்பூச்சி சோம்பலாக நகரும் அல்லது நகரவே நகராது; புழு விறுவிறுவென்று நடந்துவிடும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று பஞ்சுப் பைக்குள் முகத்தைப் புதைத்தது. பை உள்ளிருந்தே அசைந்து, மெல்லச் சரிந்து, கடைசியில் வெறும் மெழுகுத் துணுக்குகள் இலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் 250 மாவுப்பூச்சிக் குஞ்சுகள் வரை தின்னுமாம். தாய் வண்டுகளைவிட வேலை செய்வது இந்தப் புழுக்கள்தான்.

அத்தைக்கும் கண்ணாடியைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் திருப்பித் தரவில்லை.

பிப்ரவரி 12, புதன்

ஜன்னலோர ரோஜாத் தொட்டியில் இலைகள் வெளிறிப் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. பின்பக்கம் நூலாம்படை. செம்பேன். வறண்ட காற்றுக்கு வருவதுதான். இதற்கு இந்தப் பொறிவண்டு சரிப்படாது. இதைத் தின்பது எட்டுக்கால் கொண்ட வேறு வகைப் பேன், அதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். இந்த மாதக் காற்றில் கொண்டுவந்து விட்டாலும் நிற்காது. இலையின் அடிப்பக்கத்தில் தினமும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறேன், போதும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அப்பா வீட்டுக்குப் போனோம். தோப்பில் தென்னை ஓலைகளின் அடியில் இன்னமும் சுருள் வெள்ளை ஈ இருக்கிறது. ஆனால் அந்த முதல் வருஷங்களின் கோரம் இல்லை. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்தது. பிறகு எல்லை தாண்டி எங்கள் பக்கத் தோப்புகளிலும் ஓலைக்கு அடியில் வட்டம் வட்டமாக வெள்ளைச் சுருள்கள், கீழே இருந்த வாழை, கொய்யா எல்லாம் கரும்பூசணம். அப்போது ஊரில் பலர் கிடைத்த மருந்தையெல்லாம் அடித்தார்கள். வேளாண்மைத் துறையினர் மருந்து அடிக்காதீர்கள் என்றுதான் சொன்னார்கள். காரணம், என்கார்சியா குவாடலூபே என்னும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவுக் குளவி, யாரும் கொண்டுவராமலேயே இந்த ஈயின் பின்னால் வந்து சேர்ந்திருந்தது. ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்து, உள்ளேயே வளர்ந்து, துளையிட்டு வெளிவரும்.

அப்பா விழுந்து கிடந்த ஓலைத் துண்டை எடுத்துக் காட்டினார். "இதைப் பாரு கண்ணு. ஓட்டை உருண்டையா இருந்தா குளவி வந்தது. கிழிஞ்ச மாதிரி இருந்தா ஈயே வெளிய போயிடுச்சு." உருண்டை ஓட்டைகள்தான் அதிகம். எங்கள் கூடத்து அரிக்காப் பனையிலும் இந்த ஈ கொஞ்சம் உண்டு. குளவி இன்னும் வெளிவராத குஞ்சுகள் உள்ள ஓலைத் துண்டுகளைத் தேடி எடுத்து உறையில் போட்டுக்கொண்டேன். அரிக்கா இலையோடு சேர்த்துக் குத்திவைப்பேன்.

அப்பாவோடு பேசினால் பப்பாளி மாவுப்பூச்சி வராமல் இருக்காது. 2008இல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. மல்பெரி போனதால் பட்டுப்புழு வளர்த்தவர்கள் பாடு பெரும்பாடு. 2010இல் பெங்களூரு ஆய்வகத்தினர் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே குளவியை வரவழைத்து வளர்த்துக் கொடுத்தார்கள். விட்ட இடமெல்லாம் பூச்சி அடங்கியது. மரவள்ளிக்கு இன்னொரு மாவுப்பூச்சி 2020இல் திருச்சூரில் வந்தபோதும் இதே வழிதான்: மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அனாகைரஸ் லோபெசி குளவி, 2022இல் சேலம் மாவட்டத்தில் முதல் விடுவிப்பு. ஏக்கர் கணக்கில் நடக்கிற காரியம் ஒரு செடி ஸ்டாண்டில் நடக்காதா என்ற துணிச்சல் எனக்கு இங்கிருந்துதான் வந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

புழுக்கள் கூட்டுப்புழுவாகின்றன. தொட்டி விளிம்பின் அடியில், சுருண்ட காய்ந்த இலைக்குள், கொசுவலையின் மடிப்பில்கூட. காய்ந்த இலை எதையும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இந்த நேரத்தில் தொட்டியைத் துப்புரவு செய்தால் அடுத்த தலைமுறையைக் குப்பையில் கொட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

சேச்சி வீட்டுச் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி. மருந்து அடிக்க வேண்டாம், எங்கள் வீட்டில் வண்டு வெளிவந்ததும் தருகிறேன் என்றேன். அந்தச் செடியைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு நல்ல பரிசு கிடைத்தது. கிளையில் ஒட்டியிருந்த கூட்டுப்புழு ஒன்றில் கண், மூக்கு, வாய் என்று தெளிவான குரங்கு முகம்! ஸ்பால்கிஸ் எபியஸ். இது வண்ணத்துப்பூச்சி இனம், ஆனால் இதன் புழு இலையைத் தின்னாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். "ஐயோ, இதுக்கு மேலயா மருந்து அடிக்கப் பார்த்தேன்" என்றார் சேச்சி. வெளியே இருக்கும் செடிக்கு இப்படி ஆள் தானாக வந்துவிடும். கூடத்துச் செடிக்கு நாம்தான் கூட்டிவர வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

வலைக்குள் புது வண்டுகள்! கோலியஸில் பஞ்சு அநேகமாக இல்லை, தண்டின் பக்கக் கணுக்களில் இளந்தளிர். ஹோயாவில் இரண்டு இடுக்கில் மட்டும் பூச்சி தெரிகிறது. அதை நான் துடைக்கவில்லை. கணவர் இப்போது ஏன் என்று கேட்கவில்லை, தானே தண்ணீர் தெளித்துவிட்டு நகர்ந்தார்.

வெயில் ஏறிவிட்டது. 33 டிகிரிக்கு மேல் போனால் இந்த வண்டு மந்தமாகிவிடும். பாலக்காட்டு மார்ச்சில் அது மதியத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. ஸ்டாண்டை வடக்கு ஜன்னலுக்கு மாற்றி, தொட்டிகளுக்கு நடுவே தண்ணீர்த் தட்டுகள் வைத்திருக்கிறேன்.

மார்ச் 8, சனி

வலையை எடுத்தாயிற்று. உள்ளே இனி இத்தனை வண்டுக்குத் தீனி கிடையாது. பட்டினி கிடந்தால் ஒன்றையொன்று தின்னவும் செய்யும். பாதியைச் சேச்சியின் செம்பருத்தியில் நேற்று அந்தி சாய்ந்ததும் விட்டோம். அவருடைய பையன் டார்ச் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வண்டும் இலைக்குள் போகும்வரை நின்றான். மீதியை ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கொய்யா மரத்துக்கு எடுத்துப்போகிறேன். அங்கே எறும்பு அதிகம், அடிமரத்தில் பசைப் பட்டை சுற்றிவைக்கச் சொல்லி அப்பாவுக்கு ஃபோன் செய்துவிட்டேன். அத்தை சந்தையிலிருந்து நல்ல வரி விழுந்த அரசாணிக்காய் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். சமையலுக்கு இல்லையாம்.