கேம்ப்டோதெசினைக் கழித்தால் மிச்சம் என்ன? – ஆய்வகக் குறிப்பேடு

ஜனவரி 5

எடுத்துக்கொண்ட மரம் நோத்தபோடைட்டிஸ் நிம்மோனியானா. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் சிறு மரம்; மராட்டியத்தில் நர்க்யா என்பார்கள். பூ நாறும். இதில் கேம்ப்டோதெசின் என்ற, புற்றுச் செல்லைக் கொல்லும் ஆல்கலாய்டு (நைட்ரஜன் உள்ள தாவரப் பொருள்) இருப்பதை 1972-லேயே வேதியியலாளர்கள் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் எழுதிவிட்டார்கள். அதனால் எங்கள் கேள்வி வேறு: அதைக் கழித்த பிறகும் தண்டுச் சாற்றில் புற்றுச் செல்லைக் கொல்லும் சரக்கு ஏதாவது இருக்கிறதா?

பழைய கட்டுரைகளைத் தேடும்போது இதே மரத்தின் பழைய பெயர்களான மாப்பியா ஃபீட்டிடா, நோத்தபோடைட்டிஸ் ஃபீட்டிடா என்றும் போட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முக்கியமான பலதும் கண்ணில் படாது.

வனத்துறை அனுமதியோடு கிளைகள் மட்டும் வெட்டப்பட்டன. ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஒரு கொப்பு, சான்று மாதிரியாக, உலர்தாவரத் தொகுப்பின் (ஹெர்பேரியம்) தாளுக்குப் போகும். இடம், உயரம், தேதி எல்லாம் அதிலேயே. சான்று மாதிரி இல்லாத சாற்றில் என்ன கண்டுபிடித்தாலும் அது எந்தச் செடியுடையது என்று பிறகு நிரூபிக்க முடியாது. காப்புரிமை என்று பேச்சு வந்தால் தேசியப் பல்லுயிர் ஆணையமும் எந்தச் செடி, எங்கிருந்து எடுத்தது என்று கேட்கும்.

ஜனவரி 17

பொங்கல் விடுமுறை முழுக்கச் சில்லுகள் நிழலில் காய்ந்தன. ஒரு செ.மீ. தடிமனுக்கு மேல் இருந்தால் மேலே காய்ந்து உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சை நச்சும் செல்லைக் கொல்லும் என்பதால் மரத்தின் குணம் எது, பூஞ்சையின் குணம் எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். வெயிலில் காயப்போடுவதும் கூடாது, கேம்ப்டோதெசின் ஒளிபட்டுச் சிதையும். கடைசியாக 40 டிகிரி அடுப்பில், எடை மாறாமல் நிற்கும்வரை. அரைத்தது ரவைப் பதம். மாவாக்கினால் வடிதாள் அடைத்துக்கொள்ளும்.

ஜனவரி 20

200 கிராம் தூள். முதலில் ஒரு லிட்டர் ஹெக்சேனில் ஓர் இரவு. கொழுப்பும் மெழுகும் அதோடு போய்விடும். பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மெத்தனால், 24 மணி நேரம் குலுக்கியில், மூன்று முறை. சாக்ஸ்லெட் (கரைப்பானைக் கொதிக்கவைத்துச் சாறெடுக்கும் கருவி) வேகமானதுதான், ஆனால் தெரியாத பொருளைத் தேடும்போது மணிக்கணக்கில் கொதிக்கவைப்பது சரியல்ல. கரைப்பானை வற்றவைக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகவில்லை.

மெத்தனால் கால்வாசியாக வற்றும்போது குடுவையின் அடியில் வெளிர்மஞ்சள் வண்டல் இறங்குகிறது. அழுக்கு என்று நினைத்து வடிகட்டி எறிகிறவர்கள் உண்டு. கேம்ப்டோதெசின் மெத்தனாலில் சரியாகக் கரையாது. அந்த வண்டலில்தான் அது குவிந்திருக்கும். குளோரோஃபார்மும் மெத்தனாலும் 4:1 கலந்து ஊற்றினால் கரைந்துவிடும்.

ஜனவரி 23

பாடப்புத்தக முறை: அமிலத்தில் கரை, காரமாக்கு, குளோரோஃபார்மில் குலுக்கு, ஆல்கலாய்டு வந்துவிடும். இந்த மரத்துக்கு அது பொருந்தாது. கேம்ப்டோதெசினில் நைட்ரஜன் இருந்தும் காரத்தன்மை கிடையாது, அமில நீருக்குள் போகாது. ஆல்கலாய்டைக் காட்டும் டிராகண்டார்ஃப் கரைசலைத் தெளித்தாலும் நம்பும்படி நிறம் வராது. இன்னொரு தொல்லை: காரம் பட்டால் அதன் மூலக்கூறில் உள்ள லாக்டோன் வளையம் திறந்து, உப்பாக மாறி நீரில் கரைந்துவிடும். அந்த நீரைக் கொட்டினால் சரக்கும் போச்சு. பிஎச் 3-க்கு இறக்கினால் வளையம் மறுபடி மூடும்.

1966-இல் சீன மரமான கேம்ப்டோதெக்கா அக்குமினேட்டாவிலிருந்து மன்ரோ வால், மன்சுக் வானி என்ற வேதியியலாளர்கள் கேம்ப்டோதெசினைப் பிரித்தபோது ஒவ்வொரு பகுதியையும் லுகேமியாச் சோதனையில் வைத்து, வேலை செய்ததையே பின்தொடர்ந்தார்கள். ஆல்கலாய்டு வினைகளை மட்டும் நம்பியிருந்தால் கைநழுவியிருக்கும்.

ஆகவே குளோரோஃபார்ம், நீர் என்று நேரடிப் பிரிப்பு மட்டும். சிலிக்கா தகட்டில் குளோரோஃபார்ம்–மெத்தனால் 95:5 ஓட்டி, 365 நானோமீட்டர் விளக்கின் கீழ் பார்த்தால் பளிச்சென்று நீலப் பொட்டு. கேம்ப்டோதெசினாகத்தான் இருக்க வேண்டும்.

ஜனவரி 30

96 குழித் தட்டு, குழிக்கு 5,000 ஹீலா செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுச் செல்கள்), 100 மைக்ரோலிட்டர் வளர்ப்பு ஊடகம். ஓரக் குழிகளில் செல் இல்லை, உப்புக் கரைசல் மட்டும். ஓரம் ஆவியாகி அளவைக் கெடுக்கும். நாளை மருந்து. அதைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நேரம் 72 மணி. கேம்ப்டோதெசின் முக்கியமாக டிஎன்ஏ நகலெடுக்கும் கட்டத்தில் இருக்கும் செல்லைத்தான் அடிக்கும்; 24 மணியில் நிறுத்தினால் பல செல்கள் அந்தக் கட்டத்துக்கே வந்திருக்காது.

பிப்ரவரி 3

எம்டிடி (உயிருள்ள செல் ஒடுக்கி ஊதாவாக்கும் மஞ்சள் சாயம்) போட்டு நான்கு மணி நேரம், ஊடகத்தை உறிஞ்சி எடுத்து, ஊதாப் படிகங்களை டிஎம்எஸ்ஓவில் கரைத்து 570 நானோமீட்டரில் வாசிப்பு. குளோரோஃபார்ம் பகுதி எதிர்பார்த்தபடியே கடுமை. நீர்ப் பகுதியின் எண்ணை நம்ப முடியாது: செல்லே இல்லாத குழிகளிலும் ஊதா ஏறியிருக்கிறது. பாலிஃபீனால்கள் எம்டிடியைத் தாமே ஒடுக்கிவிடும். செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகத் தெரியும். செல் இல்லாத, சாறு மட்டும் உள்ள குழிகளை வைக்காமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

கச்சாச் சாற்றுக்கு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அளவுகோல், ஐசி50 (செல் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் அளவு; குறைந்தால் கடுமை அதிகம்) மி.லி.க்கு 20 மைக்ரோகிராமுக்குள். 200 வந்த சாற்றுக்கும் 'புற்றுநோய் எதிர்ப்பு' என்று தலைப்பு வைத்துக் கட்டுரை வந்துகொண்டுதான் இருக்கிறது.

பிப்ரவரி 10

பொருள்களைப் பிரித்து மூலக்கூறு நிறையைக் காட்டும் எல்சி-எம்எஸ் கருவியில், நிறை எண் 349-இல் கேம்ப்டோதெசின்; 379-இல் அதன் 9-மெத்தாக்சி உறவு. இனிக் கழித்தல். உதாரணமாக, தூய கேம்ப்டோதெசினின் ஐசி50 மி.லி.க்கு 0.05 மைக்ரோகிராம், சாற்றில் அது 1 சதவீதம் என்றால் சாற்றின் ஐசி50 சுமார் 5 வர வேண்டும். 5-தான் வந்தால் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. 1 வந்தால் தேடலாம். தூயதையும் சாற்றையும் ஒரே தட்டில் ஒரே நாளில் வைக்க வேண்டும். பிஎச் 7.4 ஊடகத்தில் லாக்டோன் சிறிது நேரத்திலேயே திறக்கத் தொடங்கிவிடுவதால் வேறு வேறு நாள் எண்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

குளோரோஃபார்ம் பகுதியின் கடுமை இந்த இரண்டு பொருள்களின் கணக்குக்குள் அடங்கிவிட்டது. அதை இனித் தொடப்போவதில்லை.

நீர்ப் பகுதியை பிஎச் 3-க்கு இறக்கிக் குளோரோஃபார்மில் மீண்டும் குலுக்கி, திறந்த வளையமாக ஒளிந்திருக்கும் கேம்ப்டோதெசினை முதலில் எடுக்க வேண்டும். பிறகு பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பாலிஅமைடு தூளில் ஓட்டி டானினை நீக்கிவிட்டு, எம்டிடிக்குப் பதில் செல்லின் புரதத்தில் ஒட்டும் எஸ்ஆர்பி சாயத்தில் அடுத்த தட்டு.