அந்த வரி மங்கியிருந்தால் நிறுத்துங்கள்

இன்று ஒரு மியூசிக் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாற்றும் வேலை. எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் திரையில், 'ஃபைல்களும் ஆப்களும்' என்ற வரி மட்டும் மங்கிக் கிடந்தது.

அங்கே நெக்ஸ்ட் அழுத்தினால் கியூபேஸ், கான்டாக்ட் போன்ற மியூசிக் சாஃப்ட்வேர், அதோடு சேர்ந்து ஓடும் பிளக்-இன் எல்லாம் போச்சு.

பெரும்பாலும் மொழிதான் காரணம். உள்ளே இருப்பது பிரிட்டிஷ் இங்கிலீஷ் விண்டோஸ். டவுன்லோட் பண்ணியது அமெரிக்க இங்கிலீஷ் ஐஎஸ்ஓ (விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் ஃபைல்). 'இங்கிலீஷ் இன்டர்நேஷனல்' ஐஎஸ்ஓ எடுத்தால் அந்த வரி உயிர்பெறும்.

பென்டிரைவில் பூட் செய்யாதீர்கள், ஆப்கள் தங்காது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து செட்டப்பை ஓட்ட வேண்டும்.

அதற்கு முன் சி டிரைவை முழுசாக இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுத்து வெளி டிஸ்க்கில் வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே ஆக்டிவேட் ஆகியிருக்கும் ஐலாக் (மியூசிக் சாஃப்ட்வேருக்கான லைசென்ஸ் பூட்டு) லைசென்ஸ்களை டீஆக்டிவேட் பண்ணி யூஎஸ்பி ஐலாக்குக்கு மாற்றிவிடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்! டிஸ்க் அழிந்துபோனால், அந்த ஆக்டிவேஷன் பழைய விண்டோஸோடு மாட்டிக்கொள்ளும்; பிறகு கம்பெனிக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு விண்டோஸ் 11-க்கான ஏஸியோ டிரைவரும் (சவுண்ட் தாமதத்தைக் குறைக்கும் டிரைவர்) கையில் இருக்கட்டும்.

பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம். அதற்குள் பழைய ப்ராஜெக்டுகளைத் திறந்து, எந்த பிளக்-இன் அடம்பிடிக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.