டெமோ கடையில் புடவை ஏற்றிய கதை

ஆன்லைன் கடை கட்ட உதவும் வூகாமர்ஸ் மென்பொருளோடு மாதிரிச் சரக்குக் கோப்பு ஒன்று சேர்ந்தே வரும். ஹூடி, பீனி தொப்பி, போலோ சட்டை, வி-நெக் டி-ஷர்ட். இறக்குமதி பட்டனை அழுத்தினால் டீ குடித்து முடிப்பதற்குள் துணிக்கடை தயார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நான் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு, கடைக்காரர்களிடம் காட்ட ஒரு டெமோ ஆன்லைன் துணிக்கடை தேவைப்பட்டது. அந்த மாதிரிச் சரக்கே போதும் என்றுதான் அலுவலகத்தில் பேச்சு. ஆனால் நாங்கள் போய்ப் பார்க்கப்போவது சாட்ஸ்வொர்த் பகுதியிலும் க்ரே தெருவிலும் புடவையும் பஞ்சாபி உடையும் விற்பவர்களை. (க்ரே தெரு இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு. வாயில் வருவது என்னவோ இன்னும் க்ரே தெருதான்.) ஜனவரிப் புழுக்கத்தில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரிடம் கம்பளித் தொப்பியைக் காட்டி என்ன வியாபாரம் பேசுவது?

எனக்குத் தெரிந்த ஓர் ஆண்ட்டி புடவைக் கடை வைத்திருக்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பேச்சு முக்கால்வாசி ஆங்கிலம், நடுநடுவே தமிழ் வந்து விழும். டெமோவுக்குப் படம் எடுக்கக் கொஞ்சம் சரக்கு கேட்டேன். அவர் அலமாரியைத் திறந்துகொண்டே, “நல்லா விக்கிறதை எடுக்காதே தம்பி, எனக்குத் தொல்லை கொடுக்கிறதை எடு” என்றார். அந்த டெமோவுக்கு யாரும் எழுதித் தராத தேவை அறிக்கை அதுதான். அவர் சொன்னபடியே எடுத்தேன்.

முதல் தொல்லை மயில்கழுத்து நிறப் பட்டு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் சாய்த்தால் பச்சை. கடை மென்பொருளில் நிறம் என்றால் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரே வண்ணம். வடிகட்டியில் நீலத்தை அழுத்துகிறவருக்கும் இந்தப் புடவை வரவேண்டும், பச்சையை அழுத்துகிறவருக்கும் வரவேண்டும். அதனால் தேடலுக்கு ஒரு நிறப் பட்டியல், கண்ணுக்குக் காட்ட ஒரு நிறப் பெயர் என்று இரண்டாகப் பிரித்தேன். ஒரு பொருளுக்குத் தேடல் நிறம் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். படமும் அப்படித்தான். டி-ஷர்ட்டுக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று எடுத்தால் முடிந்தது. புடவையை உடல், பார்டர், முந்தானை என்று தனித்தனியாகக் காட்டாமல் எந்தப் பெண்மணியும் விலை கேட்கமாட்டார். ஆண்ட்டி கடையில் முந்தானையை உதறி மேசைமேல் விரிக்கிற அந்த ஒரு வீச்சுக்கு ஈடாகச் சில வினாடி வீடியோ ஒன்றைச் சேர்த்தேன். மயில்கழுத்து அசைந்தால்தானே தெரியும்!

அடுத்தது இருப்பு. மாதிரிக் கடைகளில் எதை எடுத்தாலும் எடுக்க எடுக்கக் குறையாது. பட்டுப் புடவையோ பெரும்பாலும் ஒன்றே ஒன்று. இதை டெமோவில் ஏற்றியதும் கதை மாறியது. வாங்குபவர் ‘கார்ட்’ என்கிற வண்டியில் போட்டுவைப்பதால் மட்டும் சரக்கு யாருக்கும் ஒதுக்கப்படுவதில்லை. ஆர்டர் போட்டுப் பணம் கட்டாமல் நின்றால் வூகாமர்ஸ் இயல்பாக 60 நிமிடம் பிடித்துவைக்கும், அப்புறம் ஆர்டரை ரத்துசெய்து சரக்கை விட்டுவிடும். இது அட்டைப் பணத்துக்குச் சரி. ஆனால் தென்னாப்பிரிக்காவில் நிறையப் பேர் இஎஃப்டி என்கிற வங்கி மாற்றலில்தான் பணம் அனுப்புகிறார்கள். வங்கி மாற்றலைத் தேர்ந்தெடுத்தால் ஆர்டர் ‘நிறுத்திவைப்பு’ நிலைக்குப் போய்விடும். அந்த நிலைக்கு 60 நிமிடக் கணக்கு கிடையாது. யாராவது கையால் ரத்துசெய்யும்வரை புடவை பூட்டியே கிடக்கும். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாதவர்களின் பெயர்களை ஆண்ட்டி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டைப் பார்த்த பிறகு, குறிப்பிட்ட நேரத்துக்குள் பணம் வராத வங்கி மாற்றல் ஆர்டரைத் தானாக விடுவிக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். எத்தனை மணி நேரம் என்பதைக் கடைக்காரரே மாற்றிக்கொள்ளலாம். டெமோவில் மற்ற எதையும்விட அதிகக் கேள்வி வந்தது இதற்குத்தான்.

பஞ்சாபி உடையில் சைஸ் வரிசை வேறு விதமாகப் படுத்தியது. எழுத்து வரிசையில் அடுக்கினால் 8-க்கு முன்னால் 10 வந்து நிற்கும். இங்கே 34 என்பதும் 10 என்பதும் ஒரே அளவு. சீட்டில் ‘34/10’ என்றே போட்டிருப்பார்கள், இரண்டையும் சேர்த்தே காட்டியாகவேண்டும். விலை விஷயம் சுலபம்: சீட்டில் இருப்பது வாட் வரி சேர்ந்த விலை. 575 ராண்ட் என்றால் 500 துணிக்கு, 75 வரிக்கு. 2018 ஏப்ரலில் 14 சதவீதம் 15 ஆனது. 2025-இல் 15.5 ஆக்கப்போவதாகச் சொல்லி, அப்புறம் கைவிட்டார்கள். வரியை நிரலுக்குள் எழுதிப் பூட்டாமல் அமைப்புப் பக்கத்திலேயே வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

டெமோதானே என்று விடக்கூடாத சில வேலைகளும் உண்டு. தேடுபொறிகள் பக்கத்தைப் பட்டியலிடாமல் தடுக்கவேண்டும், இல்லாவிட்டால் யாராவது உண்மையிலேயே ஆர்டர் போட்டுவிட்டுப் புடவைக்குக் காத்திருப்பார். ‘இது சோதனைக் கடை, ஆர்டர்கள் நிறைவேற்றப்படா’ என்ற பொருளில் ஓர் அறிவிப்புப் பட்டை வூகாமர்ஸிலேயே இருக்கிறது. பலர் அதை அசிங்கம் என்று மறைத்துவிடுகிறார்கள். எனக்கு அது இருந்தே ஆகவேண்டும். பணம் கட்டும் பகுதி சோதனை முறையில்தான் ஓடும், அதில் கட்டணம் மறுக்கப்படுவதையும் ஒரு தடவை காட்டுவது என் வழக்கம். எல்லாம் தடங்கலே இல்லாமல் ஓடுகிற டெமோவைக் கடைக்காரர்கள் நம்புவதில்லை. மின்னஞ்சல் முகவரிகளுக்கு இதற்கென்றே ஒதுக்கிவைத்த எக்ஸாம்பிள்.காம். ஒரு கடைக்காரர் தன் வாடிக்கையாளர் பட்டியலையே தந்து, “நிஜமா இருக்கட்டுமே” என்றார். வாங்கவில்லை. 2021 ஜூலையிலிருந்து, தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் முழுமையாக அமலில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஊரார் தொலைபேசி எண்ணை டெமோவில் போடுவது முறையல்ல.

படங்களின் எடையைக் குறைத்ததும் கட்டாயத்தால்தான். மின்வெட்டு மும்முரமாக இருந்த காலத்தில் கடைக்குக் கடை போய்க் காட்டும்போது வைஃபை போய்விடும். போன் டேட்டாவில்தான் கடை திறக்கவேண்டும், டேட்டாவும் இங்கே மலிவில்லை. படங்களை எடை குறைவான வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றி, முந்தானை வீடியோவைத் தொட்டால் மட்டும் ஓடும்படி வைத்தேன்.

இப்போது கையில் இருப்பது திருப்பி அனுப்பும் பக்கம். 2002-இன் மின்னணுத் தொடர்புச் சட்டப்படி, இணையத்தில் வாங்கியவர் பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் அவருடையது. வாங்குபவர் சொன்ன அளவில் செய்த பொருளுக்கு இந்த உரிமை இல்லை. ஆக, ப்ளவுஸ் பிட்டை வெட்டித் தைத்துத் தரச் சொல்லும் பெட்டியில் டிக் போட்டால், பணம் கட்டுவதற்கு முன்பே திருப்பும் விதி மாறுவதைத் திரை காட்டவேண்டும். ஆண்ட்டி ஒரு படி மேலே போய், “ஃபால்ஸ் மட்டும் தைச்சா அது எந்தக் கணக்கு?” என்று கேட்டிருக்கிறார். ஃபால்ஸுக்குத் தனிப் பெட்டி வைத்திருக்கிறேன். அதற்கான வாசகத்தை வக்கீல் பார்த்துச் சொன்னதும் ஏற்றுவேன்.