வெண்ணெய் நாறிய பீர்

மியூனிக்கில் குடியிருந்துகொண்டு வீட்டில் பீர் போடுகிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். தெருமுனையிலேயே அருமையான டுங்கெல் கிடைக்கிறது. சரி, ஆசை யாரை விட்டது?

டுங்கெல் இந்த ஊரின் பழைய கருப்பு லாகர். 20 லிட்டருக்கு 5 கிலோ மியூனிக் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), நிறத்துக்குக் கருக வறுத்த மால்ட் ஒரு கைப்பிடி. காய்ச்சுவது ஒரு நாள் வேலை. அப்புறம்தான் சோதனை.

நமக்குப் புளிப்பது என்றால் தோசை மாவு. ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். லாகர் நேர் எதிர், குளிரில், மெதுவாக. 1553இல் பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே தடை போட்டார்கள். நானும் ஜனவரியில்தான் ஆரம்பித்தேன், கெல்லர், அதாவது நிலவறை, 10 டிகிரியில் இருந்தது. இரண்டு பாக்கெட் யீஸ்ட் தூவியும் ஒன்றரை நாள் வாளி மூடியில் இருக்கும் ஏர்லாக்கில் (தண்ணீர் ஊற்றிய சிறு அடைப்பான், வாயு அது வழியாக வெளியேறும்) ஒரு குமிழி இல்லை. நாலாம் நாள் அழுகிய முட்டை நாற்றம். வாளியைக் கவிழ்க்கப் போய்விட்டேன். லாகர் யீஸ்ட்டுக்கு அது வழக்கமாம், தானே அடங்கிவிடும்.

குமிழி நின்றதும் அவசரப்பட்டு நேராக ஃப்ரிட்ஜில் வைத்தேன். அதுதான் தப்பு. குளிர்ந்து சுருங்கிய வாளி ஏர்லாக் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆறு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு பாட்டில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "புட்டர்" என்றார். வெண்ணெய். பாதிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டார்.

டயாசிட்டைல் என்ற ரசாயனம் செய்கிற வேலை. யீஸ்ட் நொதிக்கும்போது உண்டாவது. கடைசியில் யீஸ்ட்டே அதைத் தின்று தீர்க்கும், கொஞ்சம் சூடு இருந்தால். நான் யீஸ்ட்டைப் பட்டினியோடு தூங்க வைத்துவிட்டேன்.

அடுத்த தடவை, பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை நம்பினேன். சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும். 1.052இல் தொடங்கியது 1.020க்கு வந்ததும் வாளியை மாடிக்குத் தூக்கி வந்து 16 டிகிரியில் மூன்று நாள். அப்புறம் இரண்டு கிளாஸில் கொஞ்சம் எடுத்து, ஒன்றை வெந்நீரில் அரை மணி நேரம் நிறுத்தி, ஆறவைத்து இரண்டையும் மோந்து பார்த்தேன். வெண்ணெய் இன்னும் ஒளிந்திருந்தால் சூடுபட்ட கிளாஸ் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டிலும் ரொட்டி ஓர மணம் மட்டும்தான். 1.013இல் நின்றது. தினமும் இரண்டு டிகிரியாகக் குறைத்து, 1 டிகிரியில் ஆறு வாரம். ஏர்லாக்கில் இந்த முறை வோட்கா. உள்ளே போனாலும் கெடுதல் இல்லை.

120 கிராம் சர்க்கரை கலந்து பாட்டிலில் அடைத்து, இரண்டு வாரம் வெளியே வைத்து, மறுபடியும் குளிரில் போட்டேன். மே மாதம் பெரியவர் வீட்டில் ஒன்று கொடுத்தேன். மறுநாள் காலை எங்கள் கதவோரம் கழுவிய காலி பாட்டில் நின்றது.